முப்பத்தெட்டு வினாடி அலறல்

ஜூன் 11, செவ்வாய்

காலை பத்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். மூன்று வாரத்துக்கு ஒரு சொல் பேசக்கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்றார் டாக்டர். "சொல்லணும்னு தோணுறத எல்லாம் ஒரு நோட்டுல எழுதிடுங்கம்மா. உள்ளயே வச்சிருந்தா தொண்டை தானா அசையும்" என்றார். அதற்காகத்தான் இந்த டைரி. என் வீட்டுக்காரர் தாமோதரன் வேலை பார்க்கும் மருந்து மொத்தக் கடையில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு இருமல் மருந்தின் பெயர் அச்சாகியிருக்கிறது.

என் தொழில் அலறுவது. இருபத்திரண்டு வருடமாக டப்பிங். கதாநாயகிக்கு வசனம் பேச வேறு பெண்கள் இருக்கிறார்கள். அவள் பேயைப் பார்க்கும்போதும் கிணற்றில் விழும்போதும் என்னைக் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டில் தியேட்டருக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது என்னைக் கேட்டிருப்பார்கள். மங்கையர்க்கரசி என்ற பெயரை ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். அலறலுக்கெல்லாம் திரையில் பெயர் போடுவதில்லை.

பேசமுடியாதவளுக்குக் காதும் கேட்காது என்று தாமோதரன் முடிவுகட்டிவிட்டார். சாப்பிட வரச் சொன்னது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

தொண்டை கெட்டதற்குக் காரணம் ஐஸ் தண்ணீர் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் அப்படியே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 12, புதன்

தண்ணீர் லாரி மூன்று நாளைக்குப் பிறகு வந்தது. மாடி வீட்டுப் புஷ்பலதா என் குடங்களைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தன் குடங்களை வைத்தாள். போன வருடமாக இருந்தால் நான் போட்ட சத்தத்தில் லாரியே பின்னால் நகர்ந்திருக்கும். இன்று கையை ஆட்டினேன். டாட்டா காட்டுவதாக நினைத்து அவளும் கையை ஆட்டினாள். இரண்டு குடம் போச்சு.

ஜூன் 14, வெள்ளி

ஞானவடிவேல் அண்ணன் வந்திருந்தார். சாலிகிராமத்தில் வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் மாற்றிக்கொடுக்கும் டப்பிங் இன்சார்ஜ் அவர். எனக்குப் பாதி வேலை அவரிடம்தான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மனசார சொல்றேன் மங்கை, நீ இல்லாம ஸ்டுடியோ வெறிச்சோடிக் கிடக்கு. உன் இடத்த எவளுக்கும் குடுக்க மாட்டேன். நம்ம குடும்பம் இல்லியா?"

தாமோதரன் நெகிழ்ந்துபோய் இரண்டாவது முறை காபி போட்டார்.

கிளம்பும்போது ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். லாட்வியா நாட்டுப் படம், சின்னப் படம், பேய்ப் படம்தான், ஆனால் சிரிப்பு. "நீ லிப் பார்த்து வசனம் எழுதுவியே, இதுக்கு எழுது. எழுதறதுக்குத் தொண்டை எதுக்கு?" என்று சொல்லிச் சிரித்தார். ஆப்பிளில் மூன்று அழுகியிருந்தன.

ஜூன் 15, சனி

படத்தை இரண்டு முறை பார்த்தேன்.

பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பல்டாக்டர். ஏழைகளுக்கு நல்ல பல்லையும் சொத்தை என்று சொல்லிப் பிடுங்கிவிடுவார். அதையெல்லாம் பல்செட்டாகக் கட்டி, பக்கத்து நகரத்துப் பணக்காரர்களுக்கு அனுப்புவார். கேள்வி கேட்டவர்களை நாற்காலியிலேயே முடித்துவிடுவார். ஒருநாள் மின்னல் வெட்டுகிறது. அலமாரியில் கண்ணாடித் தம்ளர்களில் ஊறிக்கொண்டிருந்த பல்செட்டுகள் ஒவ்வொன்றாக நறநறவென்று கடிக்க ஆரம்பிக்கின்றன. அப்புறம் ஊரே ரத்தம்.

காசில்லாமல் எடுத்திருக்கிறார்கள் என்பது முதல் காட்சியிலேயே தெரிகிறது. பறக்கும் பல்செட்டுகளில் தூண்டில் நரம்பு தெரிகிறது. ரத்தம் ஜாம் மாதிரி திப்பி திப்பியாக விழுகிறது. ஒரே கிழவி நான்கு விக் மாற்றி நான்கு முறை சாகிறாள், மூன்றாவது முறை செத்தபிறகு மூக்கைச் சொறிகிறாள். அறுந்து விழுந்த கை ஒன்று தரையில் ஊர்ந்துபோய் மருந்துச் சீட்டு எழுதிவிட்டுத்தான் ஓய்கிறது. ஒரு காதை நாய் கவ்விக்கொண்டு ஓட, நர்ஸ் பின்னாலேயே ஓடி அதைப் பிடுங்கி, கழுவி, டப்பாவில் போட்டு மேலே பெயர் எழுதி ஒட்டுகிறாள்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி இருபது நிமிடம். எல்லாப் பல்செட்டும் டாக்டரைத் தேடி வருகின்றன. வந்து பாய்ந்து விழவில்லை. வெயிட்டிங் ஹாலில் டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் காத்திருக்கின்றன. நர்ஸ் நம்பர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொன்றாக உள்ளே போய் அவரவர் பங்கைக் கடித்துவிட்டு வெளியே வருகின்றன. புஷ்பலதாவைவிட ஒழுங்கு. கடைசியில் டாக்டரின் வாயில் இருக்கும் பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்குகின்றன. அவர் வாய் மட்டும் திரை முழுக்கத் தெரிகிறது. அலறுகிறார். நிறுத்தாமல் அலறுகிறார். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், முப்பத்தெட்டு வினாடி.

சத்தமில்லாமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

வசனம் ஓடுகிறது. டப்பிங் வசனம் எழுதுவது அளவு எடுத்துச் சட்டை தைப்பது மாதிரிதான். திரையில் உதடு ஒட்டும் இடத்தில் நம் சொல்லிலும் பகரமோ மகரமோ வந்தாகவேண்டும். வாய் திறந்திருக்கும் இடத்தில் நெடில் வேண்டும். அர்த்தம் மூன்றாவதாகத்தான் வரும்.

ஆனால் பல்செட்டுக்கு உதடே இல்லை. வெறும் பல் மேலும் கீழும் ஆடுகிறது. நான் எதை எழுதினாலும் அதன் வாய்க்கு உட்காரும். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு சுதந்திரம் வாய்த்ததில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் தோசை சுட எழுந்துவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

நேற்று ஐந்து நிமிடம் மழை பெய்தது. தெருவே வாளியோடு நின்றது.

இன்று ஸ்டுடியோவுக்குப் போனேன். முதல் பாதி வசனத்தைப் படத்தோடு ஓட்டிப் பார்க்கவேண்டும். சவுண்ட் இன்ஜினியர் பெனடிக்ட் மட்டும் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். எனக்கு நாற்காலி போட்டுவிட்டுப் படத்தை ஓட்டினார்.

முதல் கிழவி செத்தாள். அலறியது நான்.

நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். லாட்வியாக்காரர்கள் அனுப்பிய சத்தத்தில் பேச்சை நீக்கியபோது அலறல்களும் சேர்ந்து போய்விட்டன, அதனால் நாமே போடவேண்டியிருக்கிறது என்றார். அது எனக்கும் தெரியும். யார் போட்டது என்று எழுதிக் காட்டினேன்.

அவர் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தார். "மங்கை" என்று பெயர். உள்ளே அறுபத்தொரு அலறல்கள். குட்டை, நெட்டை, விழுவது, எரிவது, மூச்சுத் திணறுவது என்று வகைவகையாக. பல வருடமாக நான் அலறிய ஒவ்வொரு படத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். "அண்ணன்தான் சேத்து வைக்கச் சொன்னாரு. இனிமே எல்லாப் படத்துக்கும் இதுலருந்தே எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாரு" என்றார் பெனடிக்ட். கண்ணை என் பக்கம் திருப்பவில்லை.

உன் இடத்தை எவளுக்கும் கொடுக்கமாட்டேன் என்று சொன்னாரே, வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

இந்தப் படத்தில் பதினொரு பெண்கள் சாகிறார்கள். பதினொன்றும் நான். நான்காவது விக் வைத்த கிழவியின் அலறல் முடியும் இடத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நூல் அறுவது மாதிரி. பெனடிக்டுக்கும் கேட்டிருக்கும்.

அது எந்த நாள் சத்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூன் 22, சனி

கத்தரிக்காய் கருகிவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

ஐஸ் தண்ணீர் இல்லை.

பிப்ரவரியில் ஒரு கொரியப் படம். ஒரு பெண்ணைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு மேலே கல்லை வைத்து மூடுவார்கள். எனக்கு அன்று நூற்றிரண்டு காய்ச்சல். நான் கண்ணாடி அறைக்குள், ஞானவடிவேல் அண்ணன் வெளியே மைக்கில். அலறும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். திரையில் உதடு சேர்ந்ததா என்று அலறுகிறவளுக்குத் தெரியாது. வெளியே இருப்பவர் ஓகே என்றால் ஓகே, ஒன் மோர் என்றால் ஒன் மோர். எங்கள் தொழிலில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

"மனசார சொல்றேன் மங்கை, பிரமாதம். ஒன்னே ஒன்னு. கடைசி."

அப்படிப் பதினான்கு முறை. பதினான்காவதில் தொண்டைக்குள் அந்த நூல் அறுந்தது. துப்பினால் சிவப்பு. "சூப்பர்மா, போய் ரெஸ்ட் எடு" என்று மைக்கில் சொன்னார். உள்ளேகூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் பெனடிக்டிடம் ஒரு கேள்வி எழுதிக் காட்டினேன்: அந்தக் கொரியப் படத்தில் எத்தனாவது டேக் போட்டீர்கள்? அவர் வெகுநேரம் கன்சோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணாவதுக்கா. மூணாவதே ஓகேதான். மிச்சமெல்லாம் ஃபோல்டருக்கு. ஸ்டாக் இருக்கட்டும்னாரு."

மூன்றாவதே சரியாக இருந்திருக்கிறது. பிறகு பதினொரு முறை என்னைக் கத்தவைத்தது சேமித்து வைக்க. என்னை வைத்தே எனக்கு மாற்று தயாரித்திருக்கிறான். மேலே எல்லா இடத்திலும் அவர் என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப்போவதில்லை, ஆனால் இனிமேல் இந்த நோட்டில் அவன்தான்.

எனக்குக் கோபம் இருக்கிறது. நாள் முழுக்க இருக்கிறது. அரிசி களையும்போதும் இருக்கிறது. அவனை நான் சும்மா விடப்போவதில்லை.

ஜூன் 25, செவ்வாய்

எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பல்டாக்டர் இப்போது ஞானவடிவேல் மாதிரி பேசுகிறார். ஊசியை எடுக்கும்போது, "மனசார சொல்றேன்." குறடை வாய்க்குள் விடும்போது, "ஒன்னே ஒன்னு. கடைசி." பிடுங்கி முடித்ததும், "நம்ம குடும்பம் இல்லியா?" எல்லாம் உதட்டோடு உட்கார்ந்துவிட்டது. அந்த லாட்வியா நடிகருக்கும் அதே மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்து இளிக்கும் பழக்கம்.

பல்செட்டுகளுக்கு உதடில்லை என்று எழுதியிருந்தேனே. அவை நான் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்கின்றன. டாக்டரின் விரலைக் கடித்த முதல் பல்செட், "பிரமாதம் டாக்டர், ஒன் மோர்" என்கிறது. ஒவ்வொரு கடிக்கும் ஒரு ஒன் மோர்.

மாலை நான்கு மணி வரை எழுந்திருக்கவில்லை. கறிவேப்பிலைக்காரி மணியடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

என் கணக்கு இவ்வளவுதான்: வசனம் பேச வருகிற ஒவ்வொருவருக்கும் இது யார் என்று தெரியும். சாலிகிராமம் முழுக்க ஒரு வாரம் சிரிக்கும். அது போதும்.

ஜூலை 2, செவ்வாய்

டாக்டரிடம் போகவேண்டிய நாள். மூன்று வாரம் முடிந்தது. "ஆ" சொல்லிக் காட்டவேண்டும்.

தண்ணீர் லாரி வந்துவிட்டது. போகமுடியவில்லை. இந்த முறை எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொண்டுபோயிருந்தேன். புஷ்பலதா குடத்தை நகர்த்தியபோது அவள் காதருகே நான்கு அடி அடித்தேன். ஐந்து குடம் பிடித்தேன்.

ஜூலை 4, வியாழன்

ஸ்டுடியோவில் வசனம் படித்தார்கள். பல்செட்டுகளுக்குப் பேச சாருமதி வந்திருந்தாள். பதினைந்து வருடப் பழக்கம். அவனுடைய "ஒன்னே ஒன்னு" அவளுக்கும் தெரியும்.

அவனே டாக்டர் வசனத்தை வாசித்தான். முதல் பக்கம் முடிவதற்குள் சாருமதிக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. பெனடிக்ட் வயரைத் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது புரியும், இப்போது புரியும் என்று.

புரியவில்லை. தாளை மடியில் வைத்துவிட்டுச் சொன்னான்: "மங்கை, என்ன மாதிரி எழுதியிருக்க. இவ்ளோ இயல்பா ஒரு கேரக்டர் நான் பார்த்ததில்ல. என் வாய்க்கு அப்படியே உட்காருது. வேற எவனும் வேணாம். டாக்டருக்கு நானே பேசறேன்."

அவன் தன்னைக் கேட்டதே இல்லை. வாழ்க்கை முழுக்க மற்றவர்களைக் கேட்டு ஒன் மோர் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டான்.

ஜூலை 5, வெள்ளி

கோயம்பேட்டில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று தோன்றியது. பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

டாக்டருக்கு அவன் பேசினால், அந்தக் கடைசி அலறலும் அவனுடையதுதான். முப்பத்தெட்டு வினாடி. வாய் திரை முழுக்கத் தெரிகிறது, ஏமாற்றமுடியாது. ஃபோல்டரிலிருந்து எடுக்கலாம் என்றால் ஆண் அலறல் ஒன்றுகூட இல்லை. நம் படங்களில் ஆண்கள் அலறுவதில்லை. "ஐயோ" என்பார்கள், "டேய்" என்பார்கள், விழுவார்கள். இழுத்து அலற எவனையும் யாரும் கேட்டதில்லை.

உதடு சேர்ந்ததா இல்லையா என்று வெளியே உட்கார்ந்து சொல்லப்போவது வசனம் எழுதியவள்.

ஜூலை 9, செவ்வாய்

இன்றும் டாக்டரிடம் போகவில்லை. தாமோதரன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்.

"ஆஸ்பத்திரிலருந்து ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க. நீ பேச ஆரம்பிச்சிருக்கணுமாம். ஏன் மங்கை பேச மாட்டேங்கற?"

வேலை முடியட்டும் என்று எழுதிக் காட்டினேன்.

"வேலைக்கும் பேசறதுக்கும் என்ன சம்பந்தம்?"

பருப்பு அடிபிடித்துவிட்டதாகக் காட்டிக்கொண்டு எழுந்தேன். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

இன்று முழுக்க டப்பிங். சாருமதி பல்செட்டுகளுக்கு விதவிதமாகக் குரல் கொடுத்தாள். கிழவர் பல்லுக்குக் கரகரப்பு, கல்யாணப் பெண்ணின் பல்லுக்குக் கொஞ்சல். "டோக்கன் நம்பர் ஏழு, உள்ள போங்க" என்று அவள் நர்ஸுக்கும் பேசியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவன் டாக்டருக்குப் பேசினான். நன்றாகத்தான் பேசினான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு "மனசார சொல்றேன்"னுக்கும் வெளியே எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்து ஸ்டுடியோக்களிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "பாத்தியா மங்கை, காமெடி எப்படி ஒர்க்அவுட் ஆகுது" என்று எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

நான் கேட்டது இதுதானே, ஊர் சிரிக்கவேண்டும் என்று. சிரித்தாகிவிட்டது. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். இறங்கும்போது அப்படி நினைக்கவில்லை.

ஸ்டுடியோவிலிருந்து கிளம்பும்போது ஒரு அட்டை கொடுத்திருந்தான். ஒரு பக்கம் "ஓகே", மறுபக்கம் "ஒன் மோர்". அவனே மார்க்கரில் எழுதியது. "நீ மைக்ல பேச முடியாதுல்ல. நாளைக்கு அலறல் எடுக்கறோம், இத தூக்கிக் காட்டு போதும்" என்றான்.

ஜூலை 12, வெள்ளி

காலை பதினொன்றுக்கு ஆரம்பித்தோம். அவன் உள்ளே, நானும் பெனடிக்டும் வெளியே. சாருமதி சோபாவில்.

முதல் டேக்கில் இருபது வினாடியில் மூச்சு போய்விட்டது. இரண்டாவதில் நடுவில் இருமினான். மூன்றாவது முடிந்ததும் பெனடிக்ட் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அட்டையைத் தூக்கினேன். ஒன் மோர்.

நான்காவது. ஐந்தாவது. கண்ணை மூடிக்கொண்டு அலறினான், எல்லோரும் அப்படித்தான். திறந்ததும் முதலில் அட்டையைத்தான் பார்த்தான். ஆறாவதுக்குப் பிறகு தண்ணீர் குடித்தான். "லிப் எங்க மிஸ் ஆகுது?" என்றான். தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன்: கடைசிப் பல் போகும் இடத்தில். அவன் தலையாட்டினான். மேலே கேள்வி கேட்கவில்லை. எங்கள் தொழிலில் கிடையாது.

எட்டாவது முடிந்ததும் சாருமதி எழுந்துவந்து என் தோளைத் தொட்டாள். "அக்கா, போதும்க்கா" என்றாள் மெதுவாக. நான் திரும்பவில்லை. அவள் வெளியே போய்விட்டாள்.

திரையில் ஒவ்வொரு முறையும் அதே வாய், அதே ஜாம் ரத்தம், தூண்டில் நரம்பில் ஆடிக்கொண்டு வரும் அதே பல். பத்துப் பதினோரு முறை பார்த்தால் சிரிப்பு வருவதில்லை. பல்செட்டின் ஈறுக்கு யாரோ கவனமாக ரோஸ் பெயின்ட் அடித்திருப்பது தெரிகிறது.

பன்னிரண்டாவதில் குரல் பிசிறியது. பதின்மூன்றாவதின் கடைசியில் அது எனக்குக் கேட்டது. இன்னும் அறுபடவில்லை, அறுவதற்கு முன்னால் முறுக்கேறும் சத்தம். அந்தச் சத்தத்தை உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள். பிப்ரவரியில் அந்த இடத்தில் ஒருவர் ஓகே சொல்லியிருந்தால் நான் இன்று புஷ்பலதாவைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

அவன் கண்ணைத் திறந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. அட்டையைப் பார்த்தான்.

நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். அதை மறைக்கமாட்டேன். பிறகு தூக்கினேன்.

பதினான்காவது முப்பத்தெட்டு வினாடியும் நின்றது. முப்பத்தாறாவது வினாடியில் நூல் அறுந்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். நான் அட்டையைத் திருப்பி ஓகே காட்டினேன். உள்ளே போகவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பெனடிக்ட் சொன்னார்: "அன்னிக்கும் நான் வாயத் திறக்கலக்கா. இன்னிக்கும் திறக்கல."

ஜூலை 13, சனி

நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 15, திங்கள்

பெனடிக்டிடமிருந்து மெசேஜ். ஞானவடிவேலுக்குத் தொண்டையில் ரத்தம் கட்டியிருக்கிறதாம். மூன்று வாரம் ஒரு சொல் பேசக்கூடாதாம்.

மாவு அரைத்தேன். வீட்டைப் பெருக்கினேன். அலமாரியில் இருந்த பழைய செய்தித்தாள்களை எல்லாம் எடைக்குப் போட்டேன். பாவமாக இருக்கிறதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இருக்கிறது. மறுபடி அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் அட்டையைத் தூக்கத்தான் செய்வேன்.

ஜூலை 16, செவ்வாய்

டாக்டரிடம் போனேன்.

ஏன் இவ்வளவு நாள் போகவில்லை என்பதை எழுதிவிடுகிறேன். வேலையும் இல்லை, லாரியும் இல்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று பயம். ஃபோல்டருக்குள் என் குரல் முழுசாக இருக்கிறது. எனக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத் தைரியம் இல்லை.

கண்ணாடிக் குழாயை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு "ஆ" சொல்லச் சொன்னார். சொன்னேன். அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். கனமான, தேய்ந்த, சாக்கை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம்.

"பேசலாம்மா. இதுதான் இனிமே உங்க குரல். அலறல் மட்டும் வேண்டாம். ஒரு தடவைகூட" என்றார். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பேசலாமாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அதற்குச் சத்தம் தேவைப்படவில்லை. தாமோதரன் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்தும் அவரிடம்கூடப் பேசவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஜூலை 18, வியாழன்

அவன் வீட்டுக்குப் போனேன். தாமோதரனிடம் கேட்டு வாங்கிய இன்னொரு டைரியையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டேன். இதே டைரிதான், இதே இருமல் மருந்துகள். ஆறு ஆப்பிளும் வாங்கினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து நல்லதாகவே வாங்கினேன்.

ஈஸி சேரில் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். அவன் மனைவி என்னிடம், "மூணு நாளா கைய ஆட்டிக்கிட்டே இருக்காரும்மா, ஒன்னும் புரியல" என்று உரக்கச் சொன்னார். அவனுக்கும் காது கேட்காது என்று முடிவாகிவிட்டது போலிருக்கிறது. பிறகு காபி போட உள்ளே போனார்.

டைரியை மடியில் வைத்தேன். பேனாவைத் திறந்து கொடுத்தேன். அவன் கண் கலங்கிவிட்டது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அன்பு என்று நினைத்துவிட்டான். அதில் கொஞ்சம் அன்பும் இருந்திருக்கலாம், பதினைந்து வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம்.

முதல் பக்கத்தைத் திறந்து எழுதினான். உடம்பைப் பற்றி எழுதுவான் என்று நினைத்தேன். தொழில்காரன், தொழிலைத்தான் எழுதினான்.

"மங்கை, அலறல் எப்படி வந்திருக்கு? பதினாலாவது தானே போட்டீங்க?"

நோட்டை என் பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டினான். நான் பேனாவை வாங்கவில்லை.

"மூணாவதுண்ணே" என்றேன்.

முதலில் அவன் என் குரலைத்தான் கேட்டான். இத்தனை வருடம் அவன் சேர்த்துவைத்த அறுபத்தொன்றில் இல்லாத குரல். வாயைப் பிளந்து பார்த்தான். பிறகுதான் சொல் போய்ச் சேர்ந்தது. மூன்று என்று விரலை மடக்கினான். அப்படியே வைத்துக்கொண்டு நெடுநேரம் என்னைப் பார்த்தான். பிப்ரவரி அவன் முகத்தில் வந்து நிற்பது தெரிந்தது. வாய் அசைந்தது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான்.

அவன் மனைவி காபி கொண்டுவந்தார். ஆறவைத்து முழுவதும் குடித்தேன். போய்வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பத்து நிமிடம் பேசலாம் என்றிருந்தார் டாக்டர். இன்றைக்கு இரண்டு வினாடிதான் செலவாயிற்று.